புகையில்லா வண்டியும் அரசு மானியமும்

காலை எட்டு மணிக்குச் சிங்கப்பெருமாள் கோயில் சந்திப்பில் சற்று நேரம் நின்று பார்ப்போருக்கு ஓர் உண்மை விளங்கும். ஜி.எஸ்.டி. சாலையில் புகையை விட்டுச் செல்வோர் வேறு. அப்புகையை உட்கொள்வோர் வேறு. கண்ணாடியை ஏற்றிக்கொண்ட கார்கள் கடந்து போகின்றன. சாலையோரத்தில் பூக்கூடையுடன் அமர்ந்திருக்கும் தாய், பேருந்துக்குக் காத்து நிற்கும் பள்ளிப் பிள்ளைகள், மறைமலை நகர்த் தொழிற்சாலைகளுக்கு ஷேர் ஆட்டோ தேடும் தொழிலாளர், சற்றுத் தெற்கே பரனூர் சுங்கச்சாவடியில் பகல் முழுதும் நிற்கும் ஊழியர் ஆகியோரே அக்காற்றைச் சுவாசிக்கின்றனர். வண்டி வாங்கும் வசதி யாருக்கு இல்லையோ, அவருக்கே வண்டிப் புகையில் பெரும்பங்கு கிடைக்கிறது.

கடலோரத்தில் வாழும் தங்களுக்கு இக்கவலை இல்லை, கடற்காற்று எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விடும் என்று கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் பகுதி அன்பர்கள் எண்ணக்கூடும். கடற்காற்று ஒரு கொடைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அது வீசத் தொடங்குவது பெரும்பாலும் நண்பகலை ஒட்டியே. இரவிலும் விடியலிலும் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்ல நகரும். அல்லது அசைவற்றுக் கிடக்கும். மார்கழி, தை மாதங்களின் காலை வேளைகளிலோ புகை தரையை ஒட்டியே தங்கிவிடும். பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்படும் நேரமும் அதுவே.

புகையில் நம் கண்ணுக்குப் புலப்படுவது கரி மட்டுமே. கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள்தாம் கொடியவை. இரண்டரை மைக்ரானும் அதற்குக் குறைந்த அளவும் உள்ள இவை, தலைமுடியின் பருமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே இருப்பதால், மூக்கிலும் தொண்டையிலும் தடைபடாமல் நுரையீரலின் அடிவரை செல்கின்றன, குருதியிலும் கலக்கின்றன. ஆஸ்துமா மட்டுமன்று, மாரடைப்பும் பக்கவாதமும் இவற்றால் மிகுகின்றன என்று மருத்துவர்கள் கூறுகின்றனர். ஒரு கனமீட்டர் காற்றில் இத்துகள்கள் ஆண்டுச் சராசரியாக 40 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது என்பது 2009-ல் நம் நாட்டில் வகுக்கப்பட்ட அளவு. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வகுத்த அளவோ வெறும் 5. ஆகவே சட்டத்தின் பார்வையில் குற்றமற்ற காற்றும் மருத்துவரின் பார்வையில் எட்டு மடங்கு மாசுள்ளதாக இருக்கலாம்.

நம் மாவட்டத்தின் காற்றை அறிய விரும்புவோர், வண்டலூர் கிரசென்ட் பல்கலைக்கழகத்தில் உள்ள மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவீட்டு நிலையம் தரும் எண்களைக் காணலாம். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டபின், தென்மாவட்டப் பேருந்துகள் வந்து கூடுமிடம் அந்நிலையத்துக்கு அருகிலேயே அமைந்துவிட்டது. சென்னை நகரின் நெரிசலைக் குறைக்கச் செய்த ஏற்பாடு அது. நெரிசலோடு புகையும் எல்லை தாண்டி நம் பக்கம் வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இனி மானியத்துக்கு வருவோம். மின்சார ஸ்கூட்டர் வாங்கினால் அரசு பணம் தருகிறதாமே, எவ்வளவு தரும், யாரிடம் மனுக் கொடுப்பது என்ற கேள்வி இன்று பல குடும்பங்களில் எழுகிறது.

மின்வண்டிகளைப் பெருக்குவதற்கென மத்திய அரசு 2015 ஏப்ரலில் 'ஃபேம்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. அதன் இரண்டாம் கட்டம் 2019 ஏப்ரலில் 10,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டுடன் வந்தது. 2021 ஜூனில் இரு சக்கர வண்டிக்கான மானியம் உச்சத்தை எட்டியது. மின்கலத்தின் கொள்ளளவில் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 15,000 ரூபாய். ஆனால் வண்டி விலையில் 40 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது. மூன்று யூனிட் மின்கலம் உள்ள ஸ்கூட்டருக்கு 45,000 ரூபாய் வரை குறைந்த காலம் அது. பின்னர் படிப்படியாக இறக்கம். 2023 ஜூனில் வரம்பு 15 விழுக்காடாகச் சுருங்கியது. 2024 ஏப்ரலில் வண்டி ஒன்றுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் இல்லை என்றாயிற்று. அவ்வாண்டு அக்டோபரில் தொடங்கிய 'பி.எம். இ-டிரைவ்' திட்டம் முதலாண்டில் அதே 10,000 ரூபாயையும் அடுத்த ஆண்டில் 5,000 ரூபாயையும் உச்சமாக வைத்தது. 2025 ஆகஸ்டில் அத்திட்டத்தை 2028 மார்ச் வரை நீட்டியபோதும், இரு சக்கர வண்டிக்குரிய மானியம் 2026 மார்ச்சோடு முடியும் என்றே அறிவிக்கப்பட்டது.

இம்மானியம் வாங்குவோர் கைக்கு நேரே வருவதன்று. விற்பனைச் சீட்டிலேயே விலையைக் குறைத்துக் காட்டிவிட்டு, அத்தொகையை நிறுவனம் அரசிடமிருந்து பெற்றுக்கொள்ளும். ஆகவே தனியே மனு எழுதித் தருகிறோம் என்று கட்டணம் கேட்கும் இடைத்தரகருக்கு இதில் வேலையே இல்லை. மானியத்துக்கென விதித்த விலை வரம்புக்குள் வண்டியைக் காட்டுவதற்காக, சார்ஜரைத் தனி விலைக்கு விற்ற நிறுவனங்களும் உண்டு. அவை அப்பணத்தை 2023-ல் வாடிக்கையாளர்க்குத் திருப்பித் தர நேர்ந்தது.

மானியம் தவிர வரிச்சலுகையும் உண்டு. 2019 ஆகஸ்ட் முதல் மின்வண்டிக்கு ஜி.எஸ்.டி. 5 விழுக்காடு மட்டுமே. (நம் சாலையின் பெயரும் இவ்வரியின் பெயரும் ஒன்றாக அமைந்தது தற்செயலே, இரண்டிலும் சுங்கம் கொடுத்தே போகவேண்டும்!) தமிழக அரசு 2023 பிப்ரவரியில் வெளியிட்ட மின்வண்டிக் கொள்கை, 2025 இறுதிவரை சாலைவரியை முற்றிலும் விலக்கியது. அதற்குப் பின்னுள்ள நிலையை வாங்கும் நாளில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிந்துகொள்வது நலம்.

இவ்வளவு பணமும் யாரைச் சென்றடைந்தது? 'ஃபேம்' இரண்டாம் கட்டத்தில் ஒரே ஏற்றத்தில் 80 கிலோமீட்டர் ஓடக்கூடிய, மணிக்கு 40 கிலோமீட்டர் வேகமாவது செல்லக்கூடிய உயர்வகை மின்கல ஸ்கூட்டருக்கே மானியம். சிறு வியாபாரிகள் வாங்கும், ஈயமின்கலம் பூட்டிய மலிவான வண்டிக்கு ஒரு காசும் இல்லை. தரத்தை உயர்த்தும் நோக்கம் அதில் இருந்தது. ஆயினும் ஏறக்குறைய ஒரு லட்சம் ரூபாய் புரட்ட முடிந்தவர்க்கே கதவு திறந்தது. மின்வண்டிக் கடனுக்கான வட்டியில் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை வருமான வரிக் கழிவும் தரப்பட்டது. 2019 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை பெற்ற கடன்களுக்கு அது பொருந்தும். வருமான வரி கட்டும் நிலையிலேயே இல்லாத குடும்பத்துக்கு அக்கழிவால் என்ன பயன்?

வீட்டுக் கணக்காகவும் இதைப் பார்க்கலாம். மதுராந்தகத்திலிருந்தோ திருக்கழுக்குன்றத்திலிருந்தோ நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் வேலைக்குப் போய்வரும் ஒருவர், மாதத்தில் 25 நாளில் 1,000 கிலோமீட்டர் ஓட்டுகிறார். லிட்டர் ஏறத்தாழ 100 ரூபாய் விற்கையில் பெட்ரோலுக்கு 2,000 ரூபாய்க்கு மேலாகும். மின்வண்டிக்கோ 30, 40 யூனிட் போதும். செலவு 300 ரூபாய் அளவில் நிற்கும். அரசு உச்சமாக வைத்த 5,000 ரூபாயை அவர் மூன்றே மாதத்தில் எரிபொருளிலேயே மிச்சம் பிடித்துவிடுவார். கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் மட்டும் வண்டியெடுத்து மாதம் 150 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கோ மிச்சம் 250 ரூபாய்தான். காற்றுக்கும் அவரால் பெரிய நன்மையில்லை; முன்பும் அவர் அதிகம் புகைத்தவரல்லர். ஆனால் மானியம் இருவருக்கும் ஒன்றே! எவ்வளவு தூரம் ஓடுகிறது, எத்தனை பேரைச் சுமக்கிறது என்று பாராமல், எத்தனை வண்டி விற்றது என்று மட்டும் எண்ணிய கணக்கு இது.

ஆகவே நாள் முழுதும் சாலையிலேயே கழிப்போருக்குத் தரும் உதவியே காற்றுக்குத் தரும் உதவியுமாகும். இவ்வகையில் மாநில அரசின் இரு முயற்சிகள் பாராட்டத்தக்கவை. உணவும் பொருளும் வீடு வீடாகக் கொண்டு கொடுக்கும் இளைஞர்களில், நலவாரியத்தில் பதிவு செய்த 2,000 பேருக்கு மின்சார ஸ்கூட்டர் வாங்கத் தலா 20,000 ரூபாய் தருவதாக 2025-26 நிதிநிலை அறிக்கை அறிவித்தது. 2025 மார்ச் 8, மகளிர் நாளன்று தொடங்கிய இளஞ்சிவப்பு ஆட்டோத் திட்டம், இயற்கை எரிவாயுவில் ஓடும் ஆட்டோ வாங்கப் பெண்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் மானியம் தந்தது. ஆனால் அது சென்னைப் பெண்களுக்கென வகுக்கப்பட்டது. கூடுவாஞ்சேரியிலும் கேளம்பாக்கத்திலும் ஆட்டோ ஓட்ட முன்வரும் கைம்பெண்ணுக்கும் அது எட்ட வேண்டும் என்று கேட்பது பேராசையாகாது.

பணம் மட்டும் காற்றைத் தூய்மைப்படுத்தியதில்லை. தில்லியில் 1998 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பேருந்துகளை இயற்கை எரிவாயுவுக்கு மாற்ற ஆணையிட்டது. பழைய ஆட்டோக்களையும் டாக்சிகளையும் மாற்றுவோர்க்கு நிதிச் சலுகை தருமாறும் அதனோடு சேர்த்துக் கூறியது. கண்டிப்பும் உதவியும் கைகோத்து வந்தமையால் சில ஆண்டுகளில் மாற்றம் நிகழ்ந்தது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியில் நாடெங்கும் ஒழிந்ததும், 2020 ஏப்ரலில் 'பாரத் 6' விதி வந்து எரிபொருளின் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்ததும் விதியின் வலிமையாலேயே. எந்தக் குடும்பமும் அதற்காக மானியம் பெறவில்லை. எல்லாக் குடும்பமும் பயன் பெற்றது.

பெண்களின் பயணத்தை நோக்குவோம். 2018 பிப்ரவரியில் தொடங்கிய அம்மா இரு சக்கர வாகனத் திட்டம், வேலைக்குச் செல்லும் மகளிர்க்கு ஸ்கூட்டர் விலையில் பாதி, 25,000 ரூபாய் வரை தந்தது. நல்ல உதவிதான், அவ்வண்டிகளோ பெரும்பாலும் பெட்ரோல் வண்டிகள். 2021-ல் அத்திட்டம் நின்றது. அவ்வாண்டு மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. காற்றின் பெயரைச் சொல்லி அதை யாரும் தொடங்கவில்லை. எனினும், ஐம்பது பேர் ஒரு பேருந்தில் செல்வது ஐம்பது ஸ்கூட்டரைச் சாலையினின்று விலக்குவதற்கு ஒப்பாகும். வீட்டு வேலைக்கும் மீன் விற்கவும் செல்லும் தாய்மார்க்கு முன்பணம் ஒரு ரூபாயும் தேவைப்படாத மானியம் இது ஒன்றே. ஊர்களுக்கு அப்பேருந்து மணிக்கொரு முறையாவது வருகிறதா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் சென்னைச் சாலைகளில் இறங்கின; ஆகஸ்டில் பெரும்பாக்கம் பணிமனையும் சேர்ந்தது. உண்மையில் மின்வண்டி நமக்குப் புதிதன்று. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-லேயே மின்சார ரயில் ஓடியது. செங்கற்பட்டு மக்கள் சீசன் டிக்கெட்டுடன் ஏறும் புறநகர் ரயில் அதன் வழித்தோன்றலே. 2025 ஏப்ரல் 19 முதல் குளிரூட்டிய வண்டியும் அத்தடத்தில் உண்டு. மாமல்லபுரத்துக்கோ ரயில் இல்லை. கிழக்குக் கடற்கரை வழியே புதுவைக்கும் கடலூருக்கும் போவதாகச் சொன்ன ரயில்பாதை பல்லாண்டாகக் காகிதத்திலேயே ஓடுகிறது. விடுமுறை நாளில் ஐந்து ரதம் காணவரும் கூட்டம் கார்களில் வந்து குவிவதில் வியப்பென்ன? திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ல் வெளியிட்ட 'இறைவா, உமக்கே புகழ்' சுற்றுமடலும், ஓரிருவர் மட்டும் செல்லும் கார்களின் பெருக்கத்தைச் சுட்டி, பொதுப் போக்குவரத்துக்கே முதலிடம் தரவேண்டும் என்னும் வல்லுநர் கருத்தை எடுத்துரைக்கிறது.

கடலுக்குள் செல்லும் வண்டியையும் மறக்கலாகாது. கோவளம் முதல் கொக்கிலமேடு வரை மோட்டார் பொருத்திய கண்ணாடியிழைப் படகுகளுக்கு அரசு தரும் உதவி மண்ணெண்ணெய் மானியமாகவும் வரியில்லா டீசலாகவும் வருகிறது. எரிப்பதற்கு மானியம் தருவது தூய காற்றுக்கு முரண் என்று நகரத்தார் வாதிடலாம். கரையேறும் மீனவர்க்கு அம்மானியம் இல்லையேல் அன்றைய கூலியே இல்லை. அவர் வாங்கத்தக்க விலையில், அலையையும் உப்பையும் தாங்கும் மாற்று எந்திரம் கைக்கு வருமுன் இதைக் குறைப்பது அநீதி என்றே நாம் கருதுகிறோம்.

மின்வண்டி வாங்க முடிவு செய்துவிட்ட குடும்பத்தினர்க்கு ஒரு சொல். 2022 மார்ச்சில் வேலூரில் இரவு மின்னேற்றத்தில் இருந்த ஸ்கூட்டர் தீப்பற்றி, தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தனர். அதன்பின் மின்கலத்துக்கான பாதுகாப்பு விதிகள் 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரு கட்டமாகக் கடுமையாக்கப்பட்டன. பழைய வண்டியைக் குறைந்த விலைக்குக் கேட்போர், அது எந்த ஆண்டு செய்தது என்று பார்க்கவேண்டும். உறங்கும் அறையிலோ வாசலை மறித்தோ மின்னேற்றம் கூடாது. வண்டியோடு வந்த சார்ஜரையே பயன்படுத்தவேண்டும். இன்னொன்று: இரு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டும் வீட்டுக்குக் கீழ்ப்படிகளிலும் மின்கட்டணம் உயரும். வண்டி குடிக்கும் 60, 80 யூனிட் அவ்வெல்லையைத் தாண்டவைக்குமா என்று பழைய மின்கட்டண அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டுக் கடைக்குச் செல்லலாம்.

ஊருக்கு வரும் பேருந்தின் நேரமும் எண்ணிக்கையும் குறித்த கோரிக்கையை ஊராட்சியின் தீர்மானமாகவே போக்குவரத்துக் கழகத்துக்கு அனுப்ப இயலும். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1.