பந்தை எடுத்துக் கொடுக்கும் பெண்

ஆவுடையார்கோவிலுக்குப் போயிருக்கிறீர்களா? புதுக்கோட்டை மாவட்டத்தில், அறந்தாங்கிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே மண்டபத்துக் கொடுங்கையின் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். மரச்சட்டமும் கம்பியும் ஆணியும் கொண்டு கட்டிய கூரை என்றே நினைப்பீர்கள். அத்தனையும் கருங்கல்! அந்தக் காலத்துச் சிற்பிகள் வேலை ஒப்புக்கொள்ளும்போது, 'ஆவுடையார்கோவில் கொடுங்கை மாதிரி மட்டும் கேட்கக்கூடாது' என்று நிபந்தனை போடுவார்களாம்.

கோவிலை விட்டு வெளியே வருவோம். அந்த ஊரானாலும் சரி, உங்கள் தெருவானாலும் சரி, சாயங்காலம் திடலில் பையன்கள் பந்து உதைப்பார்கள். ஓரமாக ஒரு சிறு பெண் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். பந்து வெளியே உருண்டு வந்தால் எடுத்துக் கொடுப்பாள். ஆட்டத்தில் அவள் பங்கு அவ்வளவுதான்!

அந்தப் பெண்ணுக்காகத்தான் உங்களிடம் பேச வந்தேன்.

"பெண் பிள்ளைக்கு உதைபந்து எதற்கு?" என்று கேட்பீர்கள். நாம் மட்டுமா கேட்டோம்? கால்பந்துக்குத் தாய்வீடான இங்கிலாந்திலேயே 1921-ல் பெண்களைச் சங்க மைதானங்களில் ஆடவிடாமல் தடுத்தார்கள். தடை நீங்க ஏறக்குறைய ஐம்பது ஆண்டு ஆயிற்று.

இப்போது நம் கடலூரைப் பாருங்கள். 2004-ல் சுனாமி சூறையாடிய ஊர். அங்கே மாரியப்பன் என்ற பயிற்சியாளர் ஏழைப் பெண்களைத் திரட்டிப் பந்தாடக் கற்றுக்கொடுத்தார். கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன் இந்திய அணியில் ஆடினார். காவல் துறையில் சப்-இன்ஸ்பெக்டர் உத்தியோகமும் பெற்றார். 2018-ல் கட்டக் நகரில், அசைக்க முடியாதது என்று பெயர் வாங்கிய மணிப்பூர் அணியை 2–1 என்று வென்று, தமிழ்நாட்டுப் பெண்கள் முதன்முறையாகத் தேசியக் கோப்பையைக் கொண்டுவந்தார்கள். 2019-ல் மதுரை சேது அணி இந்திய மகளிர் லீக்கை வென்றது. 2023-ல் மீண்டும் தேசியக் கோப்பை!

சரி, உங்கள் பெண்ணை எப்படிப்பட்டவரிடம் அனுப்புவது? நல்ல பயிற்சியாளரும் ஒரு சிற்பிதான். முதல் நாளே சம்மட்டியைத் தூக்கமாட்டார். எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மூன்றாம் நம்பர் பந்து. பன்னிரண்டு வரை நான்காம் நம்பர். அதற்கு மேல்தான் பெரியவர்கள் ஆடும் ஐந்தாம் நம்பர். பக்கத்துக்கு நாலைந்து பேராகப் பிரித்துச் சின்னத் திடலில் ஆடவிடுவார். அப்போதுதான் ஒவ்வொரு குழந்தையின் காலிலும் பந்து அடிக்கடி படும். பிஞ்சுகளைத் தலையால் பந்து முட்டச் சொல்லமாட்டார். இங்கிலாந்தில் 2020 முதல் பதினொரு வயதுக்குட்பட்டோர் பயிற்சியில் அது கூடாது என்று வைத்துவிட்டார்கள்.

இன்னொரு விஷயம், முழங்கால். வளரும் பெண்களுக்கு அங்கே தசைநார் அறுகிற அபாயம் ஆண்களைவிட அதிகம். ஆட்டத்துக்கு முன் இருபது நிமிஷம் ஓடி, குதித்து, ஒற்றைக்காலில் நின்று பழகும் பயிற்சி ஒன்று உண்டு. நார்வேப் பெண்களிடம் சோதித்து, காயங்கள் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்ததை 2008-ல் வெளியிட்டார்கள். "இதைச் செய்கிறீர்களா, ஸார்?" என்று பயிற்சியாளரைத் தயங்காமல் கேளுங்கள்!

மீதி உங்கள் அடுக்களையில் இருக்கிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, பதினைந்திலிருந்து பத்தொன்பது வயதுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு ஐம்பத்தொன்பது பேருக்கு ரத்தசோகை. ஓடுகிற பெண்ணுக்கு முருங்கைக்கீரையும் வேர்க்கடலையும் முட்டையும் வேண்டும். கூடவே ஒரு நெல்லிக்காய். சாப்பிட்ட கையோடு காப்பி வேண்டாம். அது இரும்புச் சத்தை உடம்பில் ஒட்டவிடாது.

இத்தனையும் செய்துவிட்டு, "வயதுக்கு வந்துவிட்டாள், இனிமேல் போதும்" என்று ஒரே வார்த்தையில் நிறுத்திவிடுகிறோமே, அதுதான் வருத்தம்! பாதி செதுக்கிய கல்லைச் சிற்பி போட்டுவிட்டுப் போவானா?

எல்லாப் பெண்ணும் இந்தியாவுக்கு ஆடப் போவதில்லை, வாஸ்தவம். ஆனால் விழுந்தால் எழுந்து ஓடவும், தோற்றால் சிரிக்கவும், பக்கத்திலிருப்பவளை நம்பிப் பந்தைக் கொடுக்கவும் கற்றுக்கொள்வாள். புகுந்த வீட்டுக்கும் சேர்த்து உதவுகிற சீதனம் அல்லவா அது?

நாளைச் சாயங்காலம் திடல் பக்கம் போனால், ஓரத்தில் நிற்கிற பெண்ணைப் பாருங்கள். பந்து அவளிடம் உருண்டு வரும். "எடுத்துக் கொடுக்காதே, அம்மா. உதை!" என்று சொல்லுங்கள்.