அம்மம்மாவின் கடிதங்கள் யாரிடம் இருக்கின்றன?

வயதான ஒருவர் காலமானால் முப்பத்தோராம் நாளில் ஒரு நினைவு மடல் அச்சிடுகிறோம். பிறந்த திகதி, இறந்த திகதி, பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகளின் பெயர்கள், நடுவில் ஒரு படம். அதோடு அவரைப் பற்றிய எழுத்து முடிந்துவிடுகிறது. 2011ஆம் ஆண்டு எங்கள் அம்மம்மா காலமானபோது அதற்கே சிரமப்பட்டோம். பிறப்புச் சான்றிதழ் இல்லை. அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைத் தவிர வேறு படமும் இல்லை. 1957 வெள்ளத்தின்போது அம்மா கைக்குழந்தை என்று அவர் சொல்லி வந்ததை வைத்துத்தான் வயதைக் கணக்கிட்டோம்.

படுவான்கரையில் எத்தனையோ குடும்பங்களின் நிலைமை இதுதான். 2007 மார்ச்சில் ஊரை விட்டு வெளியேறியபோது அம்மம்மாவின் தகரப் பெட்டி வீட்டிலேயே நின்றுவிட்டது. சுவிஸிலிருந்து பெரிய மாமா எழுதியவை, குவைத்திலிருந்து சித்தி எழுதியவை, சித்தி பேசி அனுப்பிய ஒலிநாடாக்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. திரும்பி வந்தபோது பெட்டியும் இல்லை, கூரையும் இல்லை. இனி அம்மம்மாவைப் பற்றி எழுத்தில் ஒன்றுமில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

ஆனால் அந்தப் பெட்டியில் இருந்தவை அம்மம்மாவுக்கு வந்த கடிதங்கள். அவர் அனுப்பியவை அங்கே இருக்க நியாயமில்லையே. 2013இல் பெரிய மாமா ஊருக்கு வந்தபோது ஒரு பிஸ்கட் தகரத்தைக் கொண்டு வந்தார். அதற்குள் நாற்பத்தொரு கடிதங்கள். அத்தனையும் அம்மம்மா அனுப்பியவை. அவற்றில் அரைவாசிக்கு மேல் என் கையெழுத்து!

அம்மம்மாவுக்கு எழுத வராது. அவர் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுப்பது என் வேலை. பத்து வயதில் தொடங்கினேன். தலைப்பில் இடும் பிள்ளையார் சுழியை மட்டும் தானே போடுவார். அதற்காகவே பேனையை என் கையிலிருந்து வாங்குவார். நாற்பத்தொரு கடிதங்களையும் வரிசையாக அடுக்கிப் பார்த்தோம். ஆரம்பத்தில் உருண்டையாக, அழுத்தமாக இருந்த அந்தச் சுழி பின்னால் போகப் போக நடுங்கிக் கோணலாகிக்கொண்டு வருகிறது. அவருக்கு வயது போனதை அந்த ஓர் எழுத்தில் காணலாம்.

இளைய சகோதரிகளுக்கு அந்தக் காலத்துக் கடிதப் போக்குவரத்தைச் சொன்னால் புதினமாக இருக்கும். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை எங்கள் பக்கத்தவர்கள் வாவியைப் பாதையிலும் தோணியிலும்தான் கடந்தார்கள். எங்களுக்கு வரும் கடிதங்கள் எழுவான்கரையில் உள்ள உறவினரின் முகவரிக்கு வரும். யாராவது அக்கரைக்குப் போனால் எடுத்து வருவார்கள். வழியில் எவரும் பிரித்துப் படிக்கலாம். ஆகவே அம்மம்மா எல்லாவற்றையும் நேராகச் சொல்ல மாட்டார். "இஞ்ச மழை கூடிப் போச்சி மனே, வெளியால போக ஏலா" என்று ஒரு வைகாசி மாதக் கடிதத்தில் இருக்கிறது. வைகாசியில் எங்கள் பக்கத்தில் ஏது மழை? அம்மன் கோயில் சடங்கு நடக்கும் வெயில் காலம் அல்லவா! அது ஷெல் மழை. இப்போது அந்தக் கடிதத்தைப் படிக்கும் மாமாவின் பிள்ளைகள் மழை என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். எழுதியவள் நான் உயிரோடு இருப்பதால் அர்த்தம் சொல்ல முடிந்தது.

இன்னொரு நாளும் நினைவிருக்கிறது. "அழுதழுது கண் மங்கிப் போச்சி" என்று அம்மம்மா சொல்ல, நானும் எழுதத் தொடங்கினேன். உடனே தடுத்தார். "அத எழுதாத மனே. கண்ணுக்கு மருந்து போடுறன் எண்டு எழுது. அவன் அங்க தனிய இருக்கான்" என்றார். கடிதத்தில் மருந்து இருக்கிறது. கண்ணீர் என்னிடம் இருக்கிறது. ஒரு கடிதத்தில் பாதி தாளில் இருந்தால் மறுபாதி எழுதிக் கொடுத்தவரிடமும் பக்கத்தில் இருந்தவரிடமும் இருக்கும் என்று நான் சொல்வது இதனால்தான்.

அந்தக் கண்ணீர் சின்ன மாமாவுக்கானது. 1990இல் கொண்டு போனார்கள்; திரும்பி வரவில்லை. எந்த நாள் என்பதில் அம்மாவுக்கும் சித்திக்கும் எப்போதும் வழக்கு. ஆவணி மாதத்து வெள்ளி என்பார் அம்மா. ஆடி என்பார் சித்தி. விசாரணைகளில் போய் நிற்கும்போதெல்லாம் இந்தக் குழப்பம் அம்மாவைத் தடுமாற வைத்தது. "திகதியே தெரியாம வந்திருக்கிறீங்களா?" என்று ஒரு முறை கேட்டார்கள். பிஸ்கட் தகரத்தில் 1990 ஆகஸ்ட் 2 எனத் திகதியிட்ட கடிதம் இருந்தது. கொழும்புக்குப் போன ஒருவர் கையில் கொடுத்து, அங்கே தபாலில் சேர்த்தது. "தம்பியக் கொண்டு போய் இண்டைக்குப் பன்னிரண்டு நாள். நீலக் கோடு போட்ட சாரம், வெள்ளச் சேட்டு" என்று அதில் இருக்கிறது. எண்ணிப் பார்த்தால் ஜூலை 21, சனிக்கிழமை. ஆடி மாதம்தான். சாரத்தின் நிறத்தை வீட்டில் ஒருவருமே நினைவில் வைத்திருக்கவில்லை. அந்த வரியைப் படித்ததும் அம்மா, "ஓம், அது நான் தோய்ச்சுக் காயப் போட்ட சாரம்" என்றார். கடிதத்தின் பிரதியை முறைப்பாட்டுடன் இணைத்திருக்கிறோம். மாமாவைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. ஆனால் அம்மா இப்போது திகதியைத் தடுமாறாமல் சொல்கிறார்.

எழுதி வைத்த தாளின் பெறுமதியை எங்கள் மாவட்டம் நன்கு அறியும். அதே 1990இல், செப்டம்பர் 5ஆம் திகதி, வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தவர்களில் 158 பேர் கொண்டு செல்லப்பட்டார்கள். அந்த எண்ணிக்கையை இன்றும் உறுதியாகச் சொல்ல முடிகிறதென்றால், பெயர்கள் எழுதப்பட்டதே காரணம்.

சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் செய்தித் தாள்களையும் எங்களில் பலர் மறந்திருக்க மாட்டோம். 1870இல் பிரான்சும் பிரஷ்யாவும் போரிட்ட காலத்தில், சுவிஸ் நாட்டின் பாசல் நகரில் தொடங்கிய வேலை அது. காயப்பட்ட, பிடிபட்ட வீரர்களின் செய்தி வீடுகளுக்குப் போகவேண்டும் என்பதே நோக்கம். இலங்கையில் அந்தக் குழு 1989 முதல் பணியாற்றி வருகிறது. செய்தித் தாள் மூடாத கடிதம். குடும்பச் செய்தி மட்டுமே எழுதலாம். இருக்கும் இடம் தெரிந்தவருக்குச் செய்தி அனுப்பலாம். தெரியாதவருக்காகத் தேடுதல் விண்ணப்பம் கொடுக்கலாம். அம்மம்மா கொடுத்தது விண்ணப்பம். தடுப்பிலிருந்த மகனிடமிருந்து நாலு வரி வந்த பக்கத்து வீட்டம்மா அதைச் சுவாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்.

கடிதங்களில் துயரம் மட்டும் இருந்தது என்று நினைக்க வேண்டாம். குவைத்திலிருந்த சித்திக்கு அனுப்பியவற்றில் வேளாண்மை வெட்டு முடிந்த கதை, எருமைத் தயிர் புளித்த கதை, வேலிக்காக அயலவரோடு பட்ட சண்டை எல்லாம் இருக்கின்றன. "சொக்கிளேற் அனுப்பிக் காச வீணாக்காத" என்று ஏச்சும் உண்டு. காணாமல் போனவரின் தாய் என்றே ஊர் அறிந்திருந்த அம்மம்மாவுக்கு இப்படி ஒரு குறும்பும் கோபமும் இருந்ததைப் பேரப்பிள்ளைகள் இப்போதுதான் அறிந்தார்கள்.

கடிதமே இல்லாத வீடுகளும் உண்டு. அங்கேயும் வழி இருக்கிறது. 2012, 2013ஆம் ஆண்டுகளில் ராதிகா ஹெட்டியாராச்சி முன்னெடுத்த ‘ஹேர்ஸ்டோரீஸ்’ திட்டத்தில் வடக்கு, கிழக்கு, தெற்குத் தாய்மார் தங்கள் வாழ்க்கையைக் கைப்படக் கடிதமாக எழுதினார்கள். ஊரையும் வீட்டையும் நினைவு வரைபடமாக வரைந்தார்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் கூடியிருந்து பேசியபோது ஆண்டுகளை நிகழ்வுகளால் பிரித்தோம்: 1957 வெள்ளம், 1978 நவம்பர் 23 சூறாவளி, 1990 இடப்பெயர்வு, 2004 சுனாமி, 2007 இடப்பெயர்வு. "சூறாவளி அண்டு அம்மா என்ன செய்தா?" என்று கேட்டதும் கதை வந்தது. கூரை பறந்தபின் கடைசிப் பிள்ளைகள் இருவரையும் நெல் மூட்டைகளுக்கு இடையில் கிடத்திப் பாயால் மூடினாராம். மூடியது பாயால் அல்ல, தன் சேலையால் என்கிறார் சித்தி. இரண்டையும் எழுதி வைத்தோம். யார் சொன்னது என்று பக்கத்தில் குறித்தோம். தீர்ப்புச் சொல்ல அவசரமில்லை.

கடிதங்கள் கிடைத்தால் சில விடயங்களைக் கவனியுங்கள். பொலித்தீன் உறைக்குள் அடைத்து ஒட்ட வேண்டாம், ஈரம் உள்ளே தங்கிவிடும். லமினேட் செய்ய வேண்டாம், பிறகு தாளைப் பிரித்தெடுக்க முடியாது. கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டினால் நாளடைவில் மஞ்சளாகித் தாளைக் கெடுக்கும். சுத்தமான கடதாசியில் சுற்றி, கறையான் ஏறாத உயரத்தில், காய்ந்த இடத்தில் வையுங்கள். தொலைபேசியில் இரு பக்கமும் படமெடுத்து, வேறு ஊரில் இருக்கும் ஒருவருக்கும் அனுப்புங்கள். ஒரு வீடு அழிந்தாலும் இன்னொரு வீட்டில் இருக்கும்.

சகோதரிகளே, உங்கள் பெட்டி எரிந்திருக்கலாம், வெள்ளத்தில் போயிருக்கலாம். ஆனால் உங்கள் அம்மாவோ அம்மம்மாவோ அனுப்பிய கடிதம் கனடாவிலோ சவூதியிலோ கொழும்பிலோ ஒருவரின் அலுமாரியில் கிடக்கக்கூடும். அதை வைத்திருப்பவருக்கும் வயது போகிறது. அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். அவர் அனுப்பிய கடிதம் ஏதும் இருக்கிறதா? அதை அவருக்கு யார் எழுதிக் கொடுத்தார்கள்?