ஓணான் குஞ்சின் வயிறும் ஒரு மின்குமிழும்

ஒரு சாமான் வாங்க வருபவரின் தலையில் இன்னும் இரண்டு சாமானைச் சேர்த்துக் கட்டுவது நம் கடைத்தெருவுக்குப் புதிதல்ல. நான் முப்பது வருடமாக மின்சாமான் கடை நடத்துகிறேன். ஆகவே, வேறொரு கடைக்காரர் என்னிடம் அப்படிச் செய்யப் பார்த்தால் உடனே கண்டுபிடித்து விடுவேன் என்றொரு நினைப்பு எனக்கு இருந்தது. அந்த நினைப்பு ஒருமுறை ஓர் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது.

2019 ஜூலை மாதம் மெல்பேர்னில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே அது நல்ல குளிர்காலம். ஒன்பது வயதுப் பேரன் 'பியர்டட் ட்ரகன்' வளர்க்க வேண்டுமென்று ஒற்றைக் காலில் நின்றான். ட்ரகன் என்றதும் பயப்பட வேண்டாம். அது நம்மூர் ஓணானின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். கோபம் வந்தால் தொண்டையை உப்பிக் கறுப்பாக்கிக்கொள்ளும். அது தாடி போலத் தெரியும். அவுஸ்திரேலியாவின் உட்பகுதியிலுள்ள வரண்ட நிலங்களே அதன் சொந்த இடம். உயிருள்ள சுதேச ஊர்வனவற்றை வளர்ப்புப் பிராணி வியாபாரத்துக்காக ஏற்றுமதி செய்ய அந்நாடு இடமளிப்பதில்லை. உள்ளூரில் வளர்ப்பதற்கும் மகன் அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டியிருந்தது.

கடையில் நின்ற பெண்பிள்ளை மூன்று மாதக் குஞ்சொன்றைக் காட்டிவிட்டு ஒரு பட்டியலை நீட்டினார். வெப்பம் தரும் மின்குமிழ், புறஊதாக் கதிர்க் குழல், வெப்பமானி இரண்டு, கல்சியம் தூள். எல்லாவற்றையும் கூட்டினால் குஞ்சின் விலையைத் தாண்டியது.

"மகன், லைட் யாவாரத்தை எனக்கே சொல்லித் தாறாங்களா?" என்று கேட்டு, பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் போட்டேன். குஞ்சையும் கண்ணாடிக் கூட்டையும் மட்டும் எடுத்தோம். வழியில் நானே ஓர் எல்.ஈ.டி. குமிழ் வாங்கிப் பூட்டினேன். வெளிச்சத்துக்கு வெளிச்சம், கரண்டும் மிச்சம். கூட்டின் அடியில் அழகுக்கு மணல் பரப்பினோம். சுவர்க்கோழிப் பூச்சிகள் வீட்டுக்குள் தப்பி ஓடும் என்று மருமகள் பயந்ததால், தீனிக்குப் பெரிய மாப்புழுக்களும் லெட்டூஸ் இலையும் கொடுத்தோம்.

பத்தாவது நாள் குஞ்சு தீனியைத் தொடவில்லை. வயிறு உப்பியிருந்தது. நான்கு நாட்களாகக் கழிவும் இல்லை. பின்னங்கால்களை இழுத்து இழுத்து நகர்ந்தது. ஊர்வனவற்றைப் பார்க்கும் மிருக வைத்தியரிடம் ஓடினோம். அது என்ன சாப்பிட்டது என்று அவர் முதலில் கேட்கவில்லை. "அது வெயில் காயும் இடத்தில் எத்தனை பாகை?" என்றுதான் கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

அதன் பிறகு அவர் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். நம்முடைய உடம்பு தன் சூட்டைத் தானே உண்டாக்குகிறது. ஓணான் இனத்துக்கு அந்த வசதி இல்லை. சூட்டை வெளியிலிருந்துதான் வாங்க வேண்டும். சூடு இல்லையென்றால் தின்ற தீனி செரிக்காமல் குடலில் தேங்கி அடைத்துக்கொள்ளும். ஆகவே குஞ்சு வெயில் காயும் இடம் ஏறக்குறைய 40 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். கூட்டின் மறுபக்கம் 25 பாகையளவில் இருந்தால், சூடு கூடும்போது அது அங்கே ஒதுங்கிக்கொள்ளும். நான் பூட்டிய எல்.ஈ.டி. குமிழின் பெருமையே சூடாகாமல் வெளிச்சம் தருவதுதான். கடையில் அதைச் சொல்லித்தான் நான் விற்கிறேன். குஞ்சுக்கு அதுவே வினையானது.

புறஊதாக் குழலுக்கும் காரணம் இருந்தது. அந்தக் கதிர் தோலில் பட்டால்தான் உடம்பு 'விற்றமின் டி' தயாரிக்கும். அது இருந்தால்தான் தீனியிலுள்ள கல்சியம் உடம்பில் சேரும். கல்சியம் குறைந்தால் எலும்பு மெலியும், தசை தளரும், குடலும் மந்தமாகும். ஜன்னலோரம் வைத்தால் போதாதா என்று கேட்டேன். சாதாரணக் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடுமாம். குழலும் பார்வைக்கு எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் கதிர் குறைந்துபோகும். அதனால் தயாரிப்பாளர் சொல்லும் காலத்தில், பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள், மாற்ற வேண்டும்.

தீனியிலும் தவறு செய்திருந்தோம். வளரும் குஞ்சுக்குத் தீனியில் பெரும்பங்கு பூச்சியாகவும் மிகுதி இலையாகவும் இருக்க வேண்டும். வளர்ந்த பிறகு இது தலைகீழாக மாறும். பூச்சியின் அளவு குஞ்சின் இரு கண்களுக்கு இடைப்பட்ட தூரத்தைத் தாண்டக்கூடாது. நாங்கள் கொடுத்த புழுக்கள் பெரியவை, தோலும் தடித்தவை. சிறிய சுவர்க்கோழிப் பூச்சிகளை நாளைக்கு இரண்டு மூன்று தடவை, பத்துப் பதினைந்து நிமிடத்தில் தின்னும் அளவுக்குக் கொடுத்து, மீதியை எடுத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் அவை குஞ்சையே கடிக்கும். பூச்சியில் கல்சியம் குறைவு என்பதால் தூளில் புரட்டிக் கொடுக்க வேண்டும். லெட்டூஸ் பெரும்பாலும் தண்ணீர்தான். ஸ்பினாச் கீரை கல்சியத்தைக் கட்டிப்போடும். அவகாடோ நஞ்சு. மணலைத் தீனியோடு சேர்த்து விழுங்கும் என்பதால் குஞ்சுகளுக்குப் பழைய பேப்பர் விரிப்பே மேல்.

எக்ஸ்ரேயில் குடல் நிறையத் தேங்கியிருப்பது தெரிந்தது. வைத்தியர் அதை இரண்டு நாள் வைத்திருந்து, சூடு கொடுத்து, நீர் ஏற்றினார். வீட்டு வைத்தியமாக எண்ணெய் எதுவும் புகட்டாமல் கொண்டுவந்தது நல்லதாயிற்று என்றார். கழிவையும் சோதித்தார், குஞ்சுகளின் வயிற்றில் ஒட்டுண்ணி இருப்பது சாதாரணமாம். சல்மொனெல்லா கிருமி மனிதருக்கும் தொற்றும் என்பதால், தொட்ட பிறகு கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவும்படி பேரனிடம் வற்புறுத்தினார். அவர் கொடுத்த பில் அந்தப் பட்டியலிலிருந்த சாமான்களின் விலையைப் போல மூன்று மடங்கு.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், புதிய விளக்குகளின் கீழ் குஞ்சு ஒழுங்காகக் கழிவு போட்டது. பெருநாள் பிறை கண்டவன் போலப் பேரன் கூச்சலிட்டான். பிறகு என்னைப் பார்த்து, "மூத்தாப்பா, நீங்க லைட் கடைதானே வெச்சிருக்கிறீங்க?" என்று கேட்டான். அவன் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவனுக்கு விளங்கவில்லை. எனக்குப் பதில் வரவில்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகு இதைப் பல நாள் யோசித்தேன். அந்தப் பெண்பிள்ளை நேர்மையாகத்தான் விற்றார். ஆனால் "இந்தச் சூடு இல்லாவிட்டால் இதற்குத் தீனி செரிக்காது" என்ற ஒரு வசனத்தைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் பையைத் திறந்திருப்பேன். கேட்காமல் விட்டது என் குற்றம்.

நம் கடைகளிலும் இதுதான் நடக்கிறது. தண்ணீர் மோட்டார் வாங்க வருபவரிடம் ட்ரிப் சுவிட்ச்சையும் வாங்கச் சொன்னால், அவர் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார். முன்பு நான் விலையைச் சொல்லிவிட்டுச் சும்மா இருப்பேன். இப்போது, கரண்ட் கசிந்தால் அது எப்படி உயிரைக் காப்பாற்றும் என்று முதலில் சொல்லிவிட்டுப் பிறகுதான் விலையைச் சொல்கிறேன். அவசியமில்லாத சாமானென்றால் "இது உங்களுக்கு வேண்டாம்" என்றும் சொல்லிவிடுகிறேன். வேண்டாததை வேண்டாம் என்று சொன்ன கடைக்காரர் வேண்டும் என்று சொல்லும்போதுதான் வாடிக்கையாளர் நம்புவார்.