பாச்சை உருண்டையும் பாட்டியின் சேலையும்

வானொலியில் பேசுபவருக்கு நாக்கில் நுழையாத சொல் என்று ஒன்று இருக்கக்கூடாது. நிலையத்துக்குப் புதிதாக வருபவர்களிடம் இதைத்தான் நான் முதலில் சொல்வேன். ஆனால், என் மகன் பிறந்த மறுநாள் காலை மருத்துவர் சொன்ன ஒரு சொல்லை என்னால் திருப்பிச் சொல்ல முடியவில்லை.

“குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரோஜினேஸ். சுருக்கமாக ஜி6பிடி. உங்கள் மகனின் ரத்தத்தில் இந்த நொதி குறைவாக இருக்கிறது. தொப்புள்கொடி ரத்தச் சோதனையில் தெரிந்தது. பயப்பட வேண்டாம், சில நாள் இங்கேயே வைத்துக் கவனிப்போம்” என்றார் அவர்.

பயப்பட வேண்டாம் என்று மருத்துவர் சொன்னாலே நமக்குப் பயம் வந்துவிடுகிறது, இல்லையா?

அன்று மதியம் அம்மா ஒரு பெரிய பையுடன் வந்தார். பேரனுக்குச் சட்டைகள், துணிகள், அடியில் மடித்துவைத்த ஒரு சுங்குடிச் சேலை. என் பாட்டியின் சேலை அது. அம்மா அதில்தான் தொட்டில் கட்டி வளர்க்கப்பட்டார். பிறகு நானும் என் தங்கையும். அறுபது ஆண்டுகளாக இரும்பு அலமாரியில் பத்திரமாக இருந்த சேலையை என் மகனுக்காக எடுத்து வந்திருந்தார்.

குழந்தையின் எடையைப் பார்க்க வந்த மூத்த தாதி, பையைத் திறந்ததும் அப்படியே நின்றுவிட்டார். “இது பாச்சை உருண்டை வாசம்தானே? மன்னிக்கணும், இந்தப் பை இந்த அறையில் இருக்கவே கூடாது” என்று சொல்லி, தாமே அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

அம்மாவின் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியாது. அந்தச் சிறிய வெள்ளை உருண்டைக்கும் என் மகனின் ரத்தத்துக்கும் என்ன தொடர்பு? மருத்துவமனையில் தூக்கமில்லாத இரவுகளில் நான் தேடித் தேடிப் படித்ததும், மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும்தான் இந்தக் கட்டுரை.

பரோட்டா கடைக் கணக்கு

நொதி என்பது நம் உடலில் வேதிவினைகளை விரைவாக நடத்திவைக்கும் புரதம். சோற்றை விழுங்காமல் மென்றுகொண்டே இருங்கள், சற்று நேரத்தில் லேசாக இனிக்கும். எச்சிலில் உள்ள அமைலேஸ் என்னும் நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைப்பதால் வரும் இனிப்பு அது.

ஒரு நொதிக்குப் பெரும்பாலும் ஒரே வேலைதான். உணவங்காடி நிலையத்தில் பரிச்சயமான பரோட்டா கடையை நினைத்துப் பாருங்கள். ஒருவர் மாவை உருட்டுகிறார், அடுத்தவர் வீசுகிறார், மூன்றாமவர் கல்லில் போட்டு எடுக்கிறார். ஒருவர் முடித்துக் கொடுப்பதுதான் அடுத்தவருக்குக் கச்சாப்பொருள். உயிரணுவுக்குள்ளும் நொதிகள் இப்படித்தான் வரிசைகட்டி நிற்கின்றன. இந்த வரிசையைத்தான் வளர்சிதைமாற்றப் பாதை என்கிறார்கள். வீசுபவர் வரவில்லை என்றால் மாவு உருண்டைகள் ஒரு பக்கம் குவியும், கல் சும்மா காயும். ஒரு நொதி குறைந்தாலும் அதே கதைதான்.

இப்போது ரத்தத்தின் சிவப்பணுவுக்குள் போவோம். உள்ளே வரும் குளுக்கோசுடன் முதலில் ஒரு பாஸ்பேட் சேர்க்கப்படுகிறது. அதன் பிறகு அது இரண்டு பாதைகளில் போகலாம். பெரும்பகுதி, சக்தி தரும் முதன்மைப் பாதையில் போய்விடும். ஒரு பகுதி மட்டும் பக்கத்துக் கிளைப் பாதையில் திரும்பும். அந்தக் கிளைப் பாதையின் முதல் வாசலைத் திறப்பதுதான் ஜி6பிடி.

அந்தப் பாதையில் கிடைப்பது என்ஏடிபிஎச் என்ற பொருள். சிவப்பணுவின் வேலை ஆக்சிஜனைச் சுமப்பது. ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் இரும்பு துருப்பிடிப்பது போல, அணுவின் உறுப்புகளும் சேதமடையும் ஆபத்து எப்போதும் உண்டு. அதைத் தடுக்கும் காவலாளி குளுட்டாத்தியோன். ஆனால், அது ஒரு பயண அட்டை போல. ஒவ்வொரு முறை பயன்படுத்தும்போதும் தீர்ந்துகொண்டே வரும், மீண்டும் நிரப்ப வேண்டும். நிரப்புவதற்கான பணம்தான் என்ஏடிபிஎச்.

உடலின் மற்ற அணுக்களுக்கு என்ஏடிபிஎச் பெற வேறு வழிகளும் உண்டு. சிவப்பணுவுக்கு இந்த ஒரு வழிதான். அதற்கு உட்கருவும் கிடையாது என்பதால் புதிதாக நொதி தயாரிக்கவும் முடியாது. எலும்பு மஜ்ஜையிலிருந்து கிளம்பும்போது கையில் இருந்ததை வைத்துக்கொண்டு ஏறத்தாழ 120 நாள் காலத்தை ஓட்ட வேண்டும்.

என் மகனைப் போன்றவர்களுக்கு ஜி6பிடி அறவே இல்லை என்று பொருளில்லை. குறைவாக இருக்கிறது, சீக்கிரம் சிதைந்தும் விடுகிறது. சாதாரண நாள்களில் அது சமாளித்துவிடும். ஆனால், நாப்தலின் என்ற ரசாயனத்தால் செய்த பாச்சை உருண்டை பக்கத்தில் இருந்தால் நிலைமை வேறு. அதன் ஆவி மூச்சு வழியாகவும், துணியில் ஒட்டியிருப்பது தோல் வழியாகவும் குழந்தையின் உடலுக்குள் போகிறது. அங்கே அது மாறி உருவாகும் பொருள்கள் சிவப்பணுக்களைத் தாக்குகின்றன. அட்டையில் இருந்த பணம் வேகமாகத் தீர்கிறது, நிரப்ப ஆளில்லை. சிவப்பணுக்கள் உடைகின்றன.

நீல விளக்கின் கீழே

பிறந்த மூன்றாம் நாள் மகனின் கண்ணும் நெஞ்சும் மஞ்சள் பூத்தன. குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். பிலிருபின் ஏறியிருந்தது.

சிவப்பணு உடையும்போது உண்டாகும் மஞ்சள் நிறப் பொருள்தான் பிலிருபின். கல்லீரலில் உள்ள வேறொரு நொதி அதை நீரில் கரையும்படி மாற்றி வெளியே அனுப்ப வேண்டும். பச்சிளங்குழந்தையின் கல்லீரலில் அந்த நொதி இன்னும் முழு வேகத்தில் வேலைக்கு வந்திருக்காது. அதனால்தான் பல குழந்தைகளுக்கு முதல் வாரத்தில் லேசாக மஞ்சள் படர்கிறது. ஜி6பிடி குறைந்த குழந்தைக்கு இரட்டைச் சிக்கல். ஒரு நொதி குறைந்ததால் பிலிருபின் கூடுதலாக வரலாம். இன்னொரு நொதி தயாராகாததால் அது வெளியேறாமல் தேங்கலாம். அளவு மீறினால் அது மூளைக்குள் புகுந்துவிடும். கெர்னிக்டெரஸ் எனப்படும் அந்த நிலை வந்தால் செவித்திறன் இழப்பு, மூளைவாதம், மரணம்வரை போகலாம்.

என் மகனைக் கண்ணுக்குத் திரை கட்டி நீல விளக்கின்கீழ் படுக்கவைத்தார்கள். அந்த ஒளி தோலில் உள்ள பிலிருபினின் வடிவத்தையே மாற்றிவிடுகிறது. வடிவம் மாறியது, கல்லீரல் நொதிக்காகக் காத்திருக்காமல் வெளியேறுகிறது. 1950களில் இங்கிலாந்தின் ராச்ஃபர்டு மருத்துவமனையில் ஒரு தாதி, குழந்தைகளை வெயிலில் உலாவக் கொண்டுபோனபோது, வெயில் பட்ட இடத்தில் மட்டும் மஞ்சள் குறைந்திருப்பதைக் கவனித்தார். அதிலிருந்து பிறந்ததுதான் இந்தச் சிகிச்சை.

“காலை வெயிலில் காட்டினால் போதுமே” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதில் ஒரு துளி உண்மை இருப்பது எனக்கு வியப்பாகத்தான் இருந்தது. ஆனால், சன்னல் வெயில் இந்த விளக்குக்கு ஈடாகாது என்பதை மருத்துவர் அழுத்திச் சொன்னார். இரண்டு நாளில் அளவு இறங்கியது. நான் மூச்சு விட்டேன்.

யார் வீட்டிலிருந்து வந்தது?

அத்தை நல்லவர். ஆனாலும் கேட்டுவிட்டார்: “எங்க பக்கத்துல யாருக்கும் இப்படி இல்லையேம்மா?”

உண்மை. என் பக்கத்திலிருந்துதான் வந்தது. ஜி6பிடி நொதிக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு ஒரே ஓர் எக்ஸ், அது தாயிடமிருந்து மட்டுமே வரும். என் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று மாறுபட்டது. என் ஒவ்வோர் அணுவிலும் ஏதோ ஓர் எக்ஸ் மட்டுமே வேலை செய்வதால், என் ரத்தத்தில் இரண்டு வகைச் சிவப்பணுக்களும் கலந்து ஓடுகின்றன. அதனால் எனக்கு எந்தத் தொல்லையும் வந்ததில்லை. சில பெண்களுக்கு வருவதும் உண்டு.

அன்று இரவு தொலைபேசியில் அம்மா வெகுநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, நான் அதுவரை கேள்விப்படாத ஒன்றைச் சொன்னார். அவருக்கு முன்னால் ஓர் அண்ணன் பிறந்தாராம், 1962ல். நல்ல எடையோடு பிறந்த பிள்ளை. நான்காம் நாள் உடம்பெல்லாம் மஞ்சள். பால் குடிக்கவில்லை, உடம்பு விறைத்தது. ஒரு வாரம் தாண்டவில்லை.

“பாட்டி மாசமா இருக்கும்போது பலாப்பழம் சாப்பிட்டதாலதான்னு சொந்தக்காரங்க சொன்னாங்களாம். அதுக்கப்புறம் சாகிறவரைக்கும் அவங்க பலாப்பழத்தைத் தொடவே இல்ல” என்றார் அம்மா.

அந்தக் குழந்தைக்கு ஜி6பிடி குறைபாடுதான் இருந்தது என்று இன்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால், பாட்டி, அம்மா, நான், என் மகன் என்று கோடு போட்டுப் பார்த்தால் அந்தக் கோடு நேராகத்தான் இருக்கிறது. அம்மாவுக்குப் பின் பிறந்தவர்கள் எல்லாரும் பெண்கள், என் தலைமுறையிலும் பெண்களே. அறுபது ஆண்டுகள் அது எங்கள் வீட்டில் சத்தமில்லாமல் இருந்ததற்கு அதுதான் காரணமாக இருக்கலாம்.

மூன்று ஆண்டுகள்

இந்தக் குறைபாட்டுக்குக் காரணம் தெரியவந்தது 1956ல். பிரைமாகுவின் என்ற மலேரியா மருந்தை அமெரிக்காவின் இலினாய் மாநிலச் சிறை ஒன்றில் கைதிகளிடம் சோதித்தார்கள். இன்று யாரும் ஏற்காத முறை அது. சிலருக்கு மட்டும் சிவப்பணுக்கள் உடைந்தன. ஏன் என்று தேடியபோது அகப்பட்டதுதான் ஜி6பிடி குறைபாடு.

அதே காலத்தில் சிங்கப்பூரில் குழந்தைகள் கெர்னிக்டெரசால் இறந்துகொண்டிருந்தன. அதற்கும் ஜி6பிடிக்கும் உள்ள தொடர்பை வெளிக்கொண்டு வந்தவர் பேராசிரியர் வோங் ஹாக் பூன். சிங்கப்பூர்க் குழந்தை மருத்துவத்தின் தந்தை என்று போற்றப்படுபவர். 1965ஆம் ஆண்டு முதல், இங்கே பிறக்கும் குழந்தைகள் அனைவருக்கும் தொப்புள்கொடி ரத்தச் சோதனை வந்தது. கேகே மருத்துவமனையில் மட்டும் ஓர் ஆண்டில் ஏறத்தாழ 40,000 குழந்தைகள் பிறந்த காலம் அது. அத்தனை குழந்தைகளுக்கும் சோதனை! அதன் பிறகு கெர்னிக்டெரஸ் இங்கே அரிதாகிப் போனது.

1962, 1965. நடுவே மூன்றே ஆண்டுகள். என் மாமாவுக்குக் கிடைக்காத சில துளி ரத்தச் சோதனை என் மகனுக்குக் கிடைத்தது.

உலகில் சுமார் 400 மில்லியன் பேருக்கு இந்தக் குறைபாடு உண்டு. மலேரியா மலிந்திருந்த நாடுகளில்தான் இது அதிகம். மலேரியாக் கிருமி இத்தகைய சிவப்பணுக்களில் நன்றாக வளர்வதில்லை என்பதே அறிவியலாளர் சொல்லும் காரணம். சிங்கப்பூரில் சீன, மலாய்க் குழந்தைகளைவிட இந்தியக் குழந்தைகளிடம் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. பாட்டியின் குடும்பம் ஜொகூரில் ரப்பர்த் தோட்டத்தில் இருந்தது. தோட்டங்களில் மலேரியா கொத்துக் கொத்தாக ஆளைக் கொன்ற காலமும் இருந்தது. இந்த மாறுபட்ட மரபணு எங்கள் முன்னோர் யாரையாவது காப்பாற்றியும் இருக்கலாம்.

வீட்டில் கவனிக்க

இந்தக் குறைபாடு உள்ளவர்கள் பெரும்பாலும் மற்றவர்களைப் போலவே ஓடியாடி வாழ்கிறார்கள். தவிர்க்க வேண்டியவை சில மட்டுமே.

நாப்தலின் பாச்சை உருண்டை வீட்டில் எங்குமே வேண்டாம். பாட்டி வீடு, அத்தை வீட்டு அலமாரிகளையும் சேர்த்துத்தான்.

கச்சாங் பூத்தே பொட்டலங்களில் வறுத்து வரும் பெரிய ஃபாவா மொச்சை ஆகாது. சாம்பாரில் போடும் அவரைக்காய் வேறு செடி.

மருதாணி. கைக்குழந்தைக்கு ஆசையாக வைப்பது நம் வழக்கம். இக்குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு மருதாணியால் சிவப்பணுக்கள் உடைந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

பிரைமாகுவின், டாப்சோன், நைட்ரோஃபுரன்டோயின் போன்ற மருந்துகள் ஆபத்து. எந்த மருந்தகத்துக்குப் போனாலும், நாட்டு மருந்து வாங்கினாலும், முதலில் “ஜி6பிடி குறைபாடு” என்று சொல்லிவிடுங்கள். குழந்தை வெளிறினாலோ, சோர்ந்தாலோ, சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மகனுக்கு முப்பது நாள் முடிந்ததும் தொட்டில் கட்டினோம். தேக்காவில் வாங்கிய புது பருத்திச் சேலை. பாட்டியின் சேலை அம்மா வீட்டிலேயே இருக்கிறது. பாச்சை உருண்டைகள் குப்பைக்குப் போய்விட்டன, இப்போது அதன் மடிப்புகளில் இருப்பது வசம்பு.

பரோட்டா கடைக் கதையை அம்மாவுக்கும் சொன்னேன். உருட்டுபவர், வீசுபவர், கல்லில் போடுபவர் என்று முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“அப்போ, பலாப்பழம் காரணம் இல்லையா?”

“இல்லைம்மா. அவங்க சாப்பிட்ட எதுவும் காரணம் இல்ல.”

அடுத்து வந்த பாட்டியின் திதியன்று படையலில் வழக்கமான வடை, பாயசத்துடன் ஒரு தட்டு புதிதாக இருந்தது. அம்மா காலையிலேயே தேக்கா சந்தைக்குப் போய் வாங்கி, கொட்டை நீக்கி அடுக்கிவைத்திருந்த பலாச்சுளைகள்.