கஞ்சன்ஜங்காவின் காலை நிறம்

டார்ஜிலிங் அருகே டைகர் ஹில் என்ற குன்று உள்ளது. பொழுது புலரும் முன்பே அங்கே கேமராவும் கையுமாகக் கூட்டம் கூடிவிடும். எல்லோருடைய கண்ணும் வடக்கே, சுமார் 80 கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும் கஞ்சன்ஜங்காவின் மேல்தான். உயரம் 8,586 மீட்டர். உலகில் மூன்றாவது உயர்ந்த சிகரம். பள்ளத்தாக்கு இருளில் கிடக்கும்போதே சிகரம் மட்டும் சிவக்கும்; பிறகு பொன்னிறமாகி, முடிவில் வெளுத்துவிடும். எல்லாம் சில நிமிடங்களே! அதற்குள் அந்தச் சிவப்பைப் படத்தில் பிடிக்கச் சிறிது பௌதிகம் தெரிந்திருக்க வேண்டும்.

சிகரத்துக்கு மட்டும் முதலில் விடிவது எப்படி? பூமி உருண்டை அல்லவா? உயரே செல்லச் செல்லத் தொடுவானம் தாழ்ந்துகொண்டே போகும். கிழக்கே தடை ஏதும் இல்லை என்று வைத்துக் கணக்கிட்டால், 8,586 மீட்டர் உயரத்தில் அது சுமார் 3 டிகிரி தாழ்ந்திருக்கும். அந்த 3 டிகிரியைக் கடக்கச் சூரியனுக்கு அங்கே ஏறத்தாழ 13 நிமிடங்கள் ஆகும். கடல் மட்டத்தில் இருப்பவரைவிட அவ்வளவு முன்னதாகவே சிகரம் சூரியனைக் கண்டுவிடும்.

சிவப்பு எங்கிருந்து வந்தது? ஒளிச்சிதறல் அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் இருக்கும் என்பதை 1871இல் ராலே விளக்கினார். 450 நானோமீட்டர் நீல ஒளி, 650 நானோமீட்டர் சிவப்பு ஒளியைவிட நாலு மடங்குக்கும் மேலாகச் சிதறும். உதயசூரியனின் கதிர் காற்றில் நெடுந்தூரம் சாய்வாக வருவதால், வழியிலேயே நீலத்தின் பெரும்பகுதியை இழந்துவிடும். மிஞ்சிய செந்நிறத்தைப் பனி அப்படியே திருப்பி அனுப்புகிறது. வெயில் படாத பனிச்சரிவுகளுக்கு ஒளி தருவதோ நீலவானம். ஆகவேதான் படத்தில் நிழல்கள் நீலம் பாய்ந்து காணப்படும்.

இனி கேமராவுக்கு வருவோம். நம் கண் சிகரத்தையும் பார்க்கும், இருண்ட காட்டையும் பார்க்கும். கேமராவோ ஒரு படத்துக்கு ஒரே அளவு ஒளியைத்தான் ஏற்கும். காட்சியில் பெரும்பகுதி இருளாக இருந்தால், ஒளிமானி சராசரி பார்த்து அதிக ஒளியை உள்ளே விடச் சொல்லும். விளைவு? சிகரம் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். டிஜிட்டல் கேமராவில் அப்படி வெளுத்துப்போன நிறத்தைப் பின்னர் மீட்கவே முடியாது. எனவே வெயில் பட்ட பனியை மட்டும் அளக்க வேண்டும். ஒளிமானி அதையும் சாம்பல் நிறமாகவே கருதும்; அதனால் ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு ஒளி கூட்டினால் போதும். பள்ளத்தாக்கு கறுத்தால் கறுக்கட்டும்! இன்றைய கைபேசிகள் பல அளவுகளில் அடுத்தடுத்துப் படமெடுத்து ஒன்றாக இணைத்து இக்குறையைச் சமாளிக்கின்றன.

1899இல் இத்தாலியரான விட்டோரியோ செல்லா கஞ்சன்ஜங்காவைச் சுற்றிவந்து கறுப்பு வெள்ளையில் எடுத்த படங்கள் இன்றும் போற்றப்படுகின்றன. நிறம் இல்லாவிட்டாலும், சாய்வான ஒளி போடும் நீண்ட நிழல்களே மலையின் முகடுகளையும் மடிப்புகளையும் எடுத்துக்காட்டிவிடும்.

இந்த நிற மாற்றத்தை வீட்டிலேயே காணலாம். கண்ணாடித் தம்ளரில் நீர் நிரப்பிச் சில சொட்டுப் பால் விடுங்கள். இருட்டறையில் டார்ச் ஒளியைப் பாய்ச்சுங்கள். பக்கவாட்டில் பார்த்தால் நீலச்சாயல் தெரியும்; டார்ச்சுக்கு எதிர்ப்புறமிருந்து பார்த்தால் ஒளி மஞ்சளாகத் தோன்றும். பாலைச் சிறிது கூட்டுங்கள், ஆரஞ்சாகும். பக்கத்தில் தெரிவது வானம். எதிரே தெரிவது விடியற்காலைச் சூரியன்!