நியூட்ரல் அறுந்த இரவு

வீட்டுக்குள் மின்சாரம் – 9

ஐப்பசி அடைமழை. இரவு எட்டரை மணி இருக்கும். தெருமுனை வேப்பமரத்தில் ஒரு கிளை முறிந்து மின்கம்பி மேல் விழுந்த சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. கரண்ட் போய்விடும் என்று மெழுகுவத்தியைத் தேடினேன். போகவில்லை. குளியலறையில் இருந்த பழைய குண்டு பல்பு திடீரென்று சுண்ணாம்பு வெளுப்பாக எரிந்தது. இரண்டாம் நம்பரில் ஓடிக்கொண்டிருந்த ஃபேன் கூரையைப் பெயர்த்துவிடுவது போல இரைந்தது.

எதிர்வீட்டு அக்கா வாசலுக்கு வந்து, "என்ன தம்பி, எங்க வீட்ல லைட்டு மினுக் மினுக்குனு சாகுது, உங்க வீட்ல இப்படிக் கொளுத்துது?" என்று கேட்டு வாய் மூடவில்லை. மேசைக்கு அடியில் 'டப்' என்று வெடித்தது. மீன் கருகிய மாதிரி ஒரு வாடை, கொஞ்சம் புகை. ஓடிப்போய் மெயினை அணைத்தேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அதற்குள் கம்ப்யூட்டரின் பவர் சப்ளை, செட்டாப் பாக்ஸ், ரூட்டர் அடாப்டர், மூன்று எல்.இ.டி. பல்புகள் எல்லாம் போய்விட்டன. இத்தனைக்கும் கம்ப்யூட்டர் ஸ்பைக் பஸ்டரில்தான் சொருகியிருந்தது.

வீட்டுச் சாமான் 'ஹை வோல்ட்'டில் போய்விட்டது என்றால் நமக்கு இடிதான் நினைவுக்கு வருகிறது. இடியும் காரணம்தான். ஆனால் எங்கள் பக்கத்து மெக்கானிக் கடைகளில் மழைக்காலத்தில் வந்து குவியும் டி.வி.களைப் பார்த்தவன் என்கிற முறையில் சொல்கிறேன்: நியூட்ரல் அறுந்து செத்தவை அவற்றில் ஏராளம். இதைப் பற்றி யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. அதனால்தான் இந்த வாரம் முழுக்க இதற்கே.

தெரு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து நான்கு கம்பிகள் வருகின்றன. மூன்று ஃபேஸ், ஒரு நியூட்ரல். ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட். இரண்டு ஃபேஸ்களுக்கு நடுவே ஏறக்குறைய 400 வோல்ட். என் வீட்டுக்கு ஒரு ஃபேஸும் நியூட்ரலும் வருகின்றன. எதிர்வீட்டுக்கு வேறொரு ஃபேஸும் அதே நியூட்ரலும் போகின்றன. நியூட்ரல் உறுதியாக இருக்கும்வரை இரண்டு வீடுகளுக்கும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லை. அது அறுந்த நொடியில், திரும்பிப் போக வழியில்லாத மின்சாரம் என் வீட்டுச் சாமான்கள் வழியாகவும் எதிர்வீட்டுச் சாமான்கள் வழியாகவும் தொடர்ந்து ஓட ஆரம்பிக்கிறது. இரண்டு வீடுகளும் சேர்ந்து 400 வோல்ட்டைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. அந்தப் பங்கு சரிபாதியாக இருப்பதில்லை.

அக்கா வீட்டில் அப்போது 2,000 வாட் வாட்டர் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் எல்லாம் சேர்த்து ஒரு 200 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போட்டால் அக்கா வீட்டுக்குச் சுமார் 36 வோல்ட், எங்கள் வீட்டுக்குச் சுமார் 364 வோல்ட். குறைவாகச் செலவு செய்யும் வீட்டில்தான் வோல்டேஜ் ஏறும்! தெருவில் மற்ற வீடுகளும் சேரும்போது எண்கள் மாறும், விதி மாறாது.

364 வோல்ட் என்றால் ஏன் வெடிக்கிறது? 230 என்பது ஒருவகைச் சராசரிக் (ஆர்.எம்.எஸ்.) கணக்கு. அலையின் உச்சி 325 வோல்ட்டைத் தொடும். கம்ப்யூட்டர் பவர் சப்ளைக்குள் உருளை வடிவில் நிற்கும் பெரிய கெப்பாசிட்டர் அந்த உச்சியைத்தான் சேமித்து வைக்கிறது. அதன் மேல் பார்த்தால் 400 அல்லது 450 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். அதுதான் அதன் தாங்கும் எல்லை. 364 வோல்ட் வந்தால் உச்சி 515 வோல்ட். உள்ளே இருக்கும் திரவம் கொதித்து, தலைப்பக்கம் பிளந்துகொள்கிறது. எனக்கு அடித்த மீன் வாடை அந்தத் திரவத்தினுடையது.

மறுநாள் காலை எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். முப்பது வருடமாக இந்த வேலை பார்ப்பவர். ஸ்பைக் பஸ்டரைக் கையில் வாங்கி, நாலு ஸ்க்ரூவையும் கழற்றி, மூடியைத் திறந்து என் முன்னால் வைத்தார். உள்ளே சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வில்லை, இரண்டு காலோடு நின்றது. நீல நிறத்தில் இருந்திருக்க வேண்டியது, பாதி கரியாகிப் பிளந்திருந்தது. பக்கத்தில் பிளாஸ்டிக் உருகி வழிந்திருந்தது.

"இதுதான் தம்பி அதோட உசுரே. எம்.ஓ.வி.னு சொல்வாங்க. இடி மாதிரி சுருக்குனு வந்து போறதை இது வாங்கிக்கும். ராத்திரி வந்தது நின்னு அடிச்ச ஹை வோல்ட்டு. இது என்ன பண்ணும், பாவம்."

அவர் சொன்னதில் எல்லாம் அடங்கிவிட்டது. அந்த வில்லை துத்தநாக ஆக்சைடு பொடியை அழுத்திச் சுட்டுச் செய்தது. சாதாரண நேரத்தில் மின்சாரத்தை விடாமல் மூடிக்கொண்டிருக்கும். வோல்டேஜ் ஓர் எல்லையைத் தாண்டினால் கண் இமைப்பதற்கு முன்பே திறந்துகொண்டு அதிகப்படியைத் தன் வழியாகத் திருப்பிவிடும். ஒரு நொடியில் லட்சத்தில் ஒரு பங்கு நேரம் நீடிக்கும் தாக்குதலுக்கு அது நல்ல காவல். ஹை வோல்ட் பத்து நொடி, இருபது நொடி நின்றால், அத்தனை நேரமும் திறந்தே இருந்து சூடேறி எரிந்துபோகும். அதனால் ஸ்பைக் பஸ்டரைத் திரைச்சீலைக்குப் பின்னாலும் மெத்தைக்கு அடியிலும் செருகி வைக்காதீர்கள். இன்னொன்று: ஒவ்வொரு அடி வாங்கும்போதும் இந்த வில்லை கொஞ்சம் தேய்கிறது. ஐந்தாறு மழைக்காலம் பார்த்த ஸ்பைக் பஸ்டரில் சிவப்பு விளக்கு எரியும், காவல் இருக்காது. கடையில் 'ஸ்பைக்' என்று பெயர் போட்டு விற்கிற மலிவான பெட்டிகள் சிலவற்றில் இந்த வில்லையே கிடையாது. அட்டையில் ஜூல் அளவு குறிப்பிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அப்படியானால் நியூட்ரல் அறுந்தால் காப்பாற்றுவது எது? வோல்டேஜ் எல்லை மீறினால் இணைப்பையே துண்டிக்கிற கருவி. ஹை-லோ கட்-ஆஃப் என்று கேட்டால் மின்சாமான் கடைகளில் தருவார்கள். மீட்டருக்கு அடுத்து டி.பி. பாக்ஸில் உட்காரும். 260, 270 வோல்ட்டில் துண்டிக்கும்படி வைத்துக்கொள்ளலாம். வோல்டேஜ் சீரான பிறகும் சற்று நேரம் பொறுத்துத்தான் மறுபடி இணைக்கும். ஃபிரிட்ஜ் கம்ப்ரஸருக்கும் அந்த இடைவெளி நல்லது. பலர் வீட்டில் எம்.சி.பி. இருக்கிறது, ஆர்.சி.சி.பி. இருக்கிறது, அதுவே போதும் என்று நம்புகிறார்கள். எம்.சி.பி. அதிக ஆம்பியருக்கு விழும். ஆர்.சி.சி.பி. கசிவுக்கு விழும், மனித உயிரைக் காக்கும், கட்டாயம் இருக்க வேண்டியது. ஆனால் 364 வோல்ட்டை இரண்டுமே கண்டுகொள்ளாது.

மூன்று ஃபேஸ் இணைப்பு உள்ள வீட்டுக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தெருக் கம்பி நன்றாக இருந்தாலும், உங்கள் மெயின் போர்டில் நியூட்ரல் ஸ்க்ரூ லூஸானால் போதும், இதே கூத்து வீட்டுக்குள்ளேயே நடக்கும். ஹாலில் ஃபேன் பறக்கும், அடுப்படியில் லைட் மங்கும். பழைய வீடுகளில் நியூட்ரலுக்கும் ஒரு பீங்கான் ஃபியூஸ் கட்டை போட்டிருப்பார்கள். 1956-ஆம் வருட இந்திய மின்சார விதிகளே அதைத் தடுத்தன. இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இந்த வாரமே எடுத்துவிடுங்கள். லைட் அளவுக்கு மீறி வெளுத்தாலோ ஃபேன் தானாக வேகமெடுத்தாலோ எதையும் யோசிக்காமல் மெயினை அணையுங்கள். பக்கத்து வீட்டுக்காரரையும் அணைக்கச் சொல்லுங்கள். பிறகு மின்வாரியத்துக்கு போன் செய்யலாம்.

இடி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் மேகம் கறுத்ததும் பெரியவர்கள் ஆன்டெனா வயரை டி.வி.யிலிருந்து பிடுங்கிப் போடுவார்கள். அது இன்றைக்கும் சரியான வேலை. மின்னல் ப்ளக் வழியாக மட்டும் வருவதில்லை. கேபிள் டி.வி. வயர், மொட்டைமாடி டிஷ் வயர், மாடிக்குப் போகிற லேன் வயர் எல்லாமே அதற்கு வழி. ஃபைபர் இழை கண்ணாடி, மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் அந்த இழை வந்து சேரும் பெட்டியின் அடாப்டர் கரண்டில்தானே இருக்கிறது? ஸ்விட்சை அணைத்தால் போதாது, ப்ளக்கையே உருவ வேண்டும். இடி தலைக்கு மேல் வந்த பிறகு வயரைத் தொடவே தொடாதீர்கள், மேகம் திரளும்போதே செய்துவிடுங்கள்.

போன சாமானை வாங்கிக்கொள்ளலாம். என் கம்ப்யூட்டரில் அப்பாவின் கடைசி இரண்டு வருடப் படங்கள் இருந்தன. பேக்கப் எடுத்த டிஸ்க்கும் அதிலேயே சொருகிக் கிடந்தது, இரண்டுக்கும் ஒரே கரண்ட். கடைக்காரத் தம்பி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வரும்வரை எனக்கு மூச்சு வரவில்லை. இப்போது படங்களை நகலெடுத்ததும் டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுகிறேன்.

புதிய ஸ்பைக் பஸ்டரைச் சொருகப் போன எலக்ட்ரீஷியன் அண்ணன் சட்டென்று நிறுத்தினார். ப்ளக் பாயிண்டைக் கழற்றி வெளியே இழுத்தார். ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் இருந்தன. பெரிய ஓட்டைக்கு வர வேண்டிய பச்சை வயர் எதிலும் சேராமல் பெட்டிக்குள் சுருண்டு கிடந்தது. "வீடு கட்டினதிலேருந்து இப்படித்தான் கிடக்கு போல தம்பி" என்றார். அந்தப் பச்சை வயரைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்புறத்து எர்த் குழி வரைக்கும் நாங்கள் தேடிப்போனது அடுத்த வாரம்.