ஆலை நிலத்தில் அடிக்கல்

புதிய கட்டடத்துக்கு முதற்கல் வைக்கும் நிகழ்ச்சியை அடிக்கல் நாட்டு விழா என்றும் கால்கோள் விழா என்றும் வழங்குவர். கால்கோள் என்னும் சொல் மிகப் பழமையானது. போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நடும் முறையைத் தொல்காப்பியம் ஆறு நிலைகளாக வகுத்துக் கூறுகிறது. தக்க கல்லைக் காண்பது அவற்றுள் முதலாவது. கண்ட கல்லைக் கொள்வது இரண்டாவது. இவ்விரண்டாவது நிலையே கால்கோள். சேரன் செங்குட்டுவன் கண்ணகியின் படிமத்துக்குக் கல் கொள்ள வடதிசை சென்ற செய்தியைக் கூறும் சிலப்பதிகாரப் பகுதியும் கால்கோட் காதை என்றே பெயர் பெற்றது. மறைந்தோரை நினைப்பதற்கு எழுந்த சொல், காலப்போக்கிற் புதியன தொடங்குவதற்கு உரியதாயிற்று. மூடப்பட்ட தொழிற்சாலை நின்ற நிலத்தில் வேறொரு கட்டடம் எழும்போது இவ்விரு பொருளும் ஒருங்கே வேண்டப்படுகின்றன.

இதனை நன்கு விளக்கும் இடம் ஜேர்மனியின் மேற்கிலுள்ள ரூர்ப் பிரதேசம். நிலக்கரியும் உருக்கும் நூறாண்டுகளுக்கு மேலாக அங்கே பல இலட்சம் குடும்பங்களுக்குச் சோறு போட்டன. 1958ஆம் ஆண்டளவில் நிலக்கரிக்கான தேவை வீழ்ச்சியுறவே, சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்படலாயின. அந்நாட்டின் கடைசி நிலக்கரிச் சுரங்கம், பொட்ரொப் நகரில், 2018ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் மூடப்பட்டது.

அப்பிரதேசத்தின் நடுவே உள்ள போஹும் நகரில் டானன்பவும் என்றொரு சுரங்கம் இருந்தது. 1958இல் அது மூடப்பட்டது. அதன் நிலத்தில் ஓப்பல் மோட்டார்த் தொழிற்சாலை எழுந்து, 1962இற் கார்களை வெளியிடத் தொடங்கிற்று. வேலையிழந்த சுரங்கத் தொழிலாளர் பலர் அங்கே வேலை பெற்றனர். 1970களின் இறுதியில் ஏறத்தாழ 20,000 பேர் அந்நிறுவனத்தின் போஹும் ஆலைகளில் உழைத்தனர். அவ்வாலையிலும் 2014ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் கடைசிக் கார் வெளிவந்தது. அப்போது எஞ்சியிருந்தோர் மூவாயிரத்துக்குச் சற்று மேற்பட்டவரே. ஏறத்தாழ 170 ஏக்கர் பரப்புள்ள அந்நிலம் இன்று மார்க் 51°7 என அழைக்கப்படுகிறது. அவ்விடத்தின் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் குறிக்கும் எண்கள் இவை. பார்சல்களைப் பிரித்தனுப்பும் பெரிய தபால் நிலையமும், பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிக் கூடங்களும் அங்கே இடம்பெற்றுள்ளன. ஒருவனது பாட்டன் கரி வெட்டிய நிலத்தில் தந்தை கார் பூட்டியிருத்தல் கூடும். அத்தகைய நிலத்தில் மூன்றாவது முறையாகக் கல் வைப்பது எளிய செயலன்று.

ஜேர்மனியில் ஒரு பெருங்கட்டடம் எழும்போது நான்கு விழாக்கள் எடுப்பது வழக்கம். முதலாவது, மண்வெட்டியால் முதல் மண்ணை எடுத்தல். இரண்டாவது, அத்திவாரக் குழி தோண்டி முடிந்தபின் அடிக்கல் வைத்தல். மூன்றாவது, கூரையின் சட்டங்கள் ஏறியபின் உச்சியில் மலர்வளையமோ சிறு மரமோ கட்டி, வேலை செய்தோருக்கு விருந்தளித்தல். நான்காவது, திறப்பு விழா. வெற்று நிலத்தில் இவற்றுள் முதலாவதுக்கு முன் செய்யவேண்டிய வேலை குறைவு. ஆலை நின்ற நிலத்திலோ பெரும்பகுதி வேலை அதற்கு முன்னரே முடிந்துவிடுதல் வேண்டும்.

அவ்வேலை மண்ணுக்குள் இருப்பதை அறிவதே. சுரங்கம் இருந்த இடத்தில், கிணறு போல் ஆழ்ந்திறங்கும் பழைய வாயில்களும், கரி வெட்டியதனால் ஏற்பட்ட வெற்றிடங்களும் உண்டு. அவற்றைப் பழைய வரைபடங்களின் துணையோடு கண்டுபிடித்து, சீமெந்துக் கலவையால் நிரப்புவர். நிலக்கரிப் படைகளிலிருந்து மேலெழும் எரிவாயுவுக்கும் போக்குவழி அமைத்தல் வேண்டும். ஆலை நின்ற இடத்தில் எண்ணெயும், தாரும், ஈயம் முதலிய உலோகங்களும் மண்ணில் ஊறியிருக்கும். இவற்றோடு இரண்டாம் உலகப்போரில் விமானங்கள் வீசிய வெடிக்காத குண்டுகளும் சேரும். நேசநாட்டு விமானிகள் அன்று எடுத்த புகைப்படங்களைக் கொண்டே இன்றும் அக்குண்டுகளைத் தேடுகின்றனர். குண்டு ஒன்று அகப்படின், சுற்றுப்புறத்து மக்களை வெளியேற்றிய பின்னரே அதனைச் செயலிழக்கச் செய்வர்.

இத்துப்புரவுக்கு யார் பொறுப்பு என்பதை 1998ஆம் ஆண்டின் மண் பாதுகாப்புச் சட்டம் வரையறுக்கிறது. மாசுபடுத்தியவரும், அவருக்குப் பின் உரிமை பெற்றவரும், நிலத்தின் சொந்தக்காரரும், அதனைக் கையாள்பவரும் கடமைப்பட்டவர்கள் என அது கூறுகிறது. ஆதலின் விழாவை ஒழுங்குசெய்வோர் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி, பிரமுகர் எந்நாளில் வருவார் என்பதன்று. மண்ணைச் சோதித்தவர் எழுத்தில் என்ன தந்திருக்கிறார் என்பதே. பிரமுகரின் வசதிக்காக நாளைக் குறித்துவிட்டு மண்சோதனையை அவசரப்படுத்தினால், பின்னர் அங்கே குடியிருப்போரும் படிப்போருமே அதன் பலனை அனுபவிப்பர்.

நாள் குறித்தபின் செய்யவேண்டியவை பல. அடிக்கல் விழா கட்டட வேலை நடக்கும் குழியருகே நிகழ்வது. ஆதலால் வருவோர் நடப்பதற்குப் பலகைப் பாதையும், மழை பெய்தால் ஒதுங்கக் கூடாரமும், குழியைச் சுற்றித் தடுப்பும், உறுதியான தலைக்கவசமும் வேண்டும். அன்று அவ்விடத்து எந்திரங்களை நிறுத்திவைக்க ஒப்பந்தகாரருடன் முன்னரே பேசி முடித்தல் வேண்டும். முதியோருக்குப் படியில்லாத வழியும் இருக்கைகளும் வேண்டும். துப்புரவாக்கிய நிலத்துக்கும் இன்னும் துப்புரவாக்காத நிலத்துக்கும் இடையே வேலியிட்டு, வந்தோர் எல்லை கடவாதவாறு காத்தல் அவசியம்.

கல்லினுள் வைப்பது பெரும்பாலும் செம்பினாலான உருளைப் பேழை. கட்டடத்தின் வரைபடம், அன்றைய செய்தித்தாள், வழக்கிலுள்ள நாணயங்கள், கட்டடம் யாரால் எதற்காக எழுப்பப்படுகிறது என எழுதிய பத்திரம் ஆகியவற்றை அதனுள் இட்டு மூடிப் பற்றவைப்பர். பின்னர்ச் சொந்தக்காரரும், கட்டடக் கலைஞரும், நகரபிதாவும் சுத்தியலால் மும்முறை கல்லைத் தட்டி, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வாழ்த்துக் கூறுவர். அக்கட்டடம் இடிக்கப்படும் நாள்வரை அப்பேழை வெளிவருவதில்லை.

பழைய ஆலை நிலத்தில் அப்பேழைக்குள் வேறொன்றும் சேர்தல் தகும். ரூர்ச் சுரங்கங்களிற் கீழே இறங்கும் ஒவ்வொருவருக்கும் இலக்கமிட்ட உலோக வில்லை ஒன்று இருந்தது. மாலையில் எந்த வில்லை திரும்பவில்லை என்று பார்த்தே, எவர் இன்னும் நிலத்தடியில் இருக்கிறார் என அறிந்தனர். அத்தகைய வில்லை ஒன்றோ, ஆலையில் உழைத்தோரின் பெயர்ப் பட்டியலோ புதிய வரைபடத்தோடு சேர்ந்து கல்லுக்குள் இருக்குமாயின், அந்நிலத்தின் கணக்கு முழுமை பெறும்.

பேழைக்குள் இடும் பொருளினும் முக்கியமானது அழைப்பிதழ். இத்தகைய விழாக்களின் முன்வரிசை அரசியலாளருக்கும் முதலீட்டாளருக்கும் உரியதாகிவிடுவது உலக இயல்பு. ஆலையில் முப்பது ஆண்டு உழைத்து வேலையிழந்தவர் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பாராயின், அவருக்கு அந்த அடிக்கல் ஒரு கல்லறைக் கல்லாகவே தோன்றும். அவரை உள்ளே அழைத்து, தொழிற்சங்கத்தின் வாயிலாக ஒருவரைப் பேசச் செய்து, மும்முறை தட்டும் சுத்தியலை ஒருமுறையேனும் அவர் கையிற் கொடுப்பது செலவில்லாத செயல். ஆயினும் அது பழைய வேலையைத் திருப்பித் தந்துவிடாது. புதிய கட்டடத்தில் எத்தனை பேருக்கு, எவ்வகைத் தொழில் கிடைக்கும், அதற்கு வேண்டிய பயிற்சியை யார் அளிப்பார் என்ற கேள்விகளுக்கு மேடையிலேயே விடை கூறுவதுதான் அவருக்குச் செய்யும் உண்மையான மரியாதை. போஹும் நகரில் ஓப்பல் ஆலையின் பழைய நிருவாகக் கட்டடத்தை இடியாது பேணியிருப்பதும் அவ்வுழைப்புக்கு ஓர் அடையாளமாக நிற்கிறது.

மேடையிற் சொல்லும் வாக்கு எவ்வளவு எச்சரிக்கையோடு சொல்லப்படவேண்டும் என்பதற்கு அதே நாட்டின் துறைமுக நகரான ஹம்பேர்க் ஒரு சான்று. கொக்கோவும் தேயிலையும் புகையிலையும் அடுக்கிவைத்த பழைய பண்டகசாலை ஒன்றின்மேல் இசைமண்டபம் எழுப்ப, 2007ஆம் ஆண்டு ஏப்ரில் 2ஆம் நாள் அடிக்கல் வைக்கப்பட்டது. 2010இல் வேலை முடியுமென எதிர்பார்த்தனர். வழக்குகளும் திருத்தங்களும் செலவும் பெருகி, மண்டபம் திறக்கப்பட்டது 2017ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாளிலாகும். மண்டபம் இன்று உலகப் புகழ் பெற்றுவிட்டது. ஆயினும் இடைப்பட்ட ஆண்டுகளில் அந்நகர மக்கள் விழா மேடையில் நின்றோரை ஏளனம் செய்யாத நாளில்லை. இசைமண்டபம் தாமதமாவதை ஒரு நகரம் பொறுத்துக்கொள்ளும். வேலையிழந்தவன் தனக்குச் சொல்லப்பட்ட வேலை ஏழாண்டு தாமதமாவதைப் பொறுக்கமாட்டான்.

ஆதலால் விழாவுக்குப் பின்னரும் ஒரு வேலை எஞ்சியிருக்கிறது. மேடையில் வழங்கிய வாக்குகளை எழுதி, பொறுப்பாளரின் பெயரும் ஆண்டும் குறித்து, நகரசபையில் எவரும் பார்க்கத்தக்கதாக வைத்தல் வேண்டும். பேழைக்குள் இட்ட பத்திரத்தை வருங்காலத்தவர் படிப்பர். இப்பட்டியலைப் படிக்கவேண்டியவர்கள் இன்று உயிரோடிருப்பவர்கள். ஆண்டுதோறும் அவர்கள் வந்து கேட்பதற்கு அது கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.